ஓர் ஏக்கர் நெல்லுக்குத் தழைச்சத்துக் கணக்கு: மண்ணெடுப்பதில் தொடங்கி வைக்கோல் வரை

காவிரிப் படுகையில் வயலுக்கு மரியாதை கரும்பச்சையில்தான். நட்ட இருபதாம் நாள் பயிர் கொஞ்சம் வெளிறித் தெரிந்தால் போதும், வரப்பில் போகிறவர் நின்றுவிடுவார்: "என்ன தம்பி, பயிர் வெளுத்துல்ல கெடக்கு? ஒரு மூட்டை யூரியாவ அள்ளி விடலாம்ல?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஓர் ஆள் கூலியை விடக் குறைவு. மூன்றே நாளில் பச்சை ஏறும். விவசாயத்தில் இவ்வளவு சல்லிசாக, இவ்வளவு சீக்கிரம் பலன் காட்டும் வேலை வேறு கிடையாது.

நானும் பல வருஷம் அப்படித்தான் அள்ளி விட்டேன். ஏக்கருக்கு நான்கு மூட்டை. ஒரு சம்பாவில், மார்கழியில் பிடித்த மழைக்குப் பயிர் பாய் விரித்த மாதிரி சாய்ந்தது. பக்கத்து வயல் என் அளவு கருப்பாக இல்லை, ஆனால் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் நோட்டு போட ஆரம்பித்தேன். எவ்வளவு போட்டேன் என்பதை விட, போட்டது எங்கே போனது என்ற கணக்கு அது. கீழே இருப்பது அந்த நோட்டின் ஒழுங்கு. டெல்டாவில் நடவு செய்யும் நெல்லுக்கு எழுதியது. மற்ற ஊர்க்காரர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம், ஒழுங்கு மாறாது.

போட்டது எங்கே போகிறது

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20 கிலோ 700 கிராம். தண்ணீர் கட்டிய வயலில் மேலாக வீசினால், அதில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான். மண்ணில் கொஞ்சம் தங்கும். மீதி மூன்று வாசல் வழியாக வெளியேறுகிறது.

முதல் வாசல் ஆவி. யூரியா தண்ணீரில் கரைந்ததும் மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதைச் சில நாட்களில் அம்மோனியமாக உடைக்கிறது. வயல் தண்ணீரில் மிதக்கும் பாசி, வெயில் ஏற ஏறக் கரியமில வாயுவை உறிஞ்சித் தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடினால் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போகும். பாசி படர்ந்த தண்ணீரில் மதிய வெயிலில் யூரியா தெளிப்பது பணத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதுதான். களர் நிலத்தில் இன்னும் மோசம்.

இரண்டாவது வாசல் வடிகால். யூரியா, யூரியாவாக இருக்கும்வரை களிமண் அதைப் பிடித்து வைக்காது. போட்ட மறுநாள் மழையில் மடை உடைந்தால் தண்ணீரோடு கிளம்பிவிடும். அம்மோனியமாக மாறிய பிறகு களிமண் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட்டாக மாறிவிட்டால் மறுபடி விட்டுவிடும். வடிகாலில் ஆகாயத்தாமரை மெத்தை போட்டதுபோல் கிடப்பதைப் பார்க்கிறோமே, ஊர்ச் சாக்கடையோடு சேர்ந்து நம் வயல் உரத்துக்கும் அதில் பங்குண்டு.

மூன்றாவது வாசல் கண்ணுக்குத் தெரியாதது. வயல் காய்ந்தால் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. மறுபடி தண்ணீர் கட்டினால், காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சுவாசித்து நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியே விடுகின்றன. முந்தையதால் கேடில்லை. நைட்ரஸ் ஆக்சைடோ, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது.

இந்த மூன்று வாசலையும் சாத்துவதுதான் வேலை. யூரியாவையே விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரே அடியாக விட்டால் என்னாகும் என்பதை இலங்கை 2021-இல் பார்த்தது. மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் பின்வாங்கினார்கள், இடையில் நெல் விளைச்சல் விழுந்தது. அதே நாட்டில்தான் 2019 அக்டோபரில், நைட்ரஜன் வீணாவதை 2030-க்குள் பாதியாக்குவது என்ற கொழும்புப் பிரகடனம் வந்தது. வீணாவதைப் பாதியாக்குவது வேறு, போடுவதையே ஒரே நாளில் நிறுத்துவது வேறு.

1. மண்ணெடுப்பது

அறுவடை முடிந்து, அடுத்த உழவுக்கும் உரத்துக்கும் முன்னால் எடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், வாய்க்கால் ஓரம், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஏக்கரில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரு சீவல் மண் எடுங்கள். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, அரை கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தி, மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டும்.

முடிவு வந்ததும் தழைச்சத்து வரியைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு. நம் பக்கத்துச் சீட்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான் வரும், அதைப் பார்த்துப் பயந்து கூடுதலாகக் கொட்ட வேண்டாம். அந்தச் சீட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது மற்ற வரிகள்: காரத்தன்மை, அங்ககக் கரிமம், துத்தநாகம். ஏனென்று ஐந்தாவது படியில் தெரியும்.

2. தேவையும் வரவும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை, டெல்டாக் குறுவைக்கும் மத்திய, நீண்ட கால ரகங்களுக்கும் ஹெக்டேருக்கு 150 கிலோ தழை, 50 மணி (பாஸ்பரஸ்), 50 சாம்பல் (பொட்டாஷ்). ஒட்டு நெல்லுக்கு 175. வெள்ளைப் பொன்னி போல உரத்துக்கு அதிகம் அசையாத ரகத்துக்கு 75 மட்டும். இந்தக் கடைசி எண்ணைத்தான் ஊரில் யாரும் நம்புவதில்லை. பொன்னிக்கும் ஆடுதுறை 43-க்கும் ஒரே கை அள்ளல். பொன்னி சாய்வதில் பாதிக்கு அதுதான் காரணம் என்பேன்.

ஏக்கருக்கு மாற்றினால் 150 என்பது 60 கிலோ தழைச்சத்து. எதிர்ப்பக்கத்தில் பயிர் எவ்வளவு எடுக்கிறது என்று எழுதுங்கள். ஒரு டன் நெல்லை உருவாக்க, வைக்கோலையும் சேர்த்து, 15 முதல் 20 கிலோ. 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை கண்டால் 2.4 டன், ஏறக்குறைய 40 கிலோ தழைச்சத்து வயலைவிட்டுக் கிளம்புகிறது. நான்கு மூட்டை யூரியாவில் 83 கிலோ. என் பழைய நோட்டில் இந்த இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இனி வரவு. நன்கு மக்கிய தொழுவுரத்தில் அரை சதவீதம், அதாவது டன்னுக்கு 5 கிலோ. அதுவும் ஒரே போகத்தில் முழுதாகக் கிடைக்காது, பாதியை மட்டும் எழுதுங்கள்.

3. தக்கைப்பூண்டு

தக்கைப்பூண்டு பசுந்தாள் உரப் பயிர்: வளர்த்து அப்படியே சேற்றில் மடக்கி உழுவது. குறுவைக்கு முன் கோடை மழையிலோ பம்புசெட் தண்ணீரிலோ, சம்பாவுக்கு முன் ஆற்றுத் தண்ணீர் வந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ விதை தெளிக்கலாம். 45 நாளில், பூ எடுக்கும் சமயம், தண்டு நாராகும் முன் மடக்கி உழ வேண்டும். பத்து நாள் தள்ளிப்போனால் சேற்றில் சுள்ளிதான் மிஞ்சும், நடவாட்கள் திட்டுவார்கள். நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஹெக்டேருக்கு 60 முதல் 80 கிலோ தழைச்சத்தைச் சேர்க்கும். நான் ஏக்கருக்கு 12 கிலோ என்று மட்டும் வரவு எழுதுவேன். மீதி மண்ணின் சேமிப்பு. மடக்கி உழுது ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்த பிறகு நடவு.

கொளுஞ்சி, சணப்பை, மணிலா அகத்தி எல்லாம் ஆகும். விதை கிடைப்பதைப் பொறுத்து.

நீரில் மிதக்கும் பெரணியான அசோலாவை வளர்ப்பவர்கள் நட்ட 3 முதல் 5 நாளுக்குள் ஏக்கருக்கு 100 கிலோ தூவி, களையெடுப்பில் மிதித்துவிடலாம். சம்பாவுக்கு நன்றாக வரும், குறுவை வெயிலில் அவ்வளவாகச் சரிப்படாது. இன்னொரு நன்மையும் உண்டு. தண்ணீரை மூடிக்கொள்வதால் பாசிக்கு வெளிச்சம் போகாது, முதல் வாசல் பாதி அடைபடும்.

4. அடியுரம்

நட்ட நாற்று வேர் பிடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை அதற்குப் பசி இல்லை. அன்றைக்குக் கொட்டும் யூரியா யாருக்கு?

மணிச்சத்துக்காக எப்படியும் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) போடுகிறோம். 50 கிலோ மூட்டையில் 9 கிலோ தழையும் 23 கிலோ மணியும் இருக்கிறது. ஏக்கருக்கு ஒரு மூட்டையைக் கடைசி உழவில், சேற்றோடு கலக்கும்படி போட்டுவிட்டால் அடியுரத் தழைச்சத்து முடிந்தது. தனியாக யூரியா தேவையில்லை, பசுந்தாள் மடக்கிய வயலுக்கு நிச்சயமாகத் தேவையில்லை. இது என் முடிவு. பொதுப் பரிந்துரை நான்கில் ஒரு பங்கை அடியில் போடச் சொல்கிறது.

5. இலை வண்ண அட்டை

மேலுரத்தை நாள் பார்த்துப் போடுவதா, பயிரைப் பார்த்துப் போடுவதா? இந்த ஒரு கேள்விக்குத்தான் மற்றதெல்லாம்.

இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நான்கோ ஆறோ பட்டைகள் உள்ள பிளாஸ்டிக் அட்டை. சட்டைப் பையில் அடங்கும். நடவு நெல்லில் 14-ஆம் நாள், நேரடி விதைப்பில் 21-ஆம் நாள் தொடங்கி, வாரம் ஒருமுறை, கதிர் வெளிவரும் வரை பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறையில் ஒழுங்கு வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள் வயலுக்குள் இறங்குங்கள். வரப்பிலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். பத்து இடத்தில், மேலிருந்து மூன்றாவதாக முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்து ஒப்பிடுங்கள். இலையைக் கிள்ள வேண்டாம். சூரியனுக்கு முதுகு காட்டி, உங்கள் நிழல் அட்டை மேல் விழும்படி நில்லுங்கள், வெயில் பட்டால் பச்சை வெளிறித் தெரியும். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. என் கண்ணுக்கு 4, என் தம்பி கண்ணுக்கு 3. இதில் எங்களுக்குள் சண்டையே வந்திருக்கிறது.

எல்லைக்கோடு, வெள்ளைப் பொன்னி வகைக்கு 3, மற்ற ரகங்களுக்கும் ஒட்டு நெல்லுக்கும் 4. பத்தில் ஆறு இலை எல்லைக்குக் கீழே இருந்தால் அன்று உரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வாரம் வரலாம். ஒரு தடவைக்கு, குறுவை போன்ற வறண்ட பருவத்தில் ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து. மழைப் பருவத்தில் 30. யூரியாவாகச் சொன்னால் ஏக்கருக்கு ஏறக்குறைய 31 கிலோ, 26 கிலோ. மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால், நம் கணக்கில் மாவுக்குக் குறுவையில் 10 கிலோ, சம்பாவில் 9 கிலோ என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அட்டை சரியாக வேலை செய்ய, வெளுப்பு தழைச்சத்துக் குறையால்தான் என்று உறுதி வேண்டும். அடி இலைகள் முதலில், நுனியிலிருந்து ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்து. குருத்து இலைகள் முதலில் மஞ்சளித்தால் கந்தகத்தைச் சந்தேகப்படுங்கள். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில், இளம் இலையின் அடிநரம்பு வெளுத்து, கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளி விழுந்து, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றால் துத்தநாகம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் கேட்கும் வயலில் யூரியா போட்டுப் பயனில்லை. இங்கேதான் அந்த மண் சீட்டு கைகொடுக்கும். ஆரஞ்சு மஞ்சளாகப் பயிர் குட்டையாகி, பச்சைத் தத்துப்பூச்சியும் இருந்தால் துங்ரோ நோயாக இருக்கலாம். அதற்கு உரக்கடையில் மருந்தில்லை.

அந்த வரப்போரத்து அண்ணன் மறுபடி வருவார். அட்டை 4-ஐ ஒட்டி நிற்கும் பயிர், அவர் கண்ணுக்கு வெளுப்புதான். இரண்டு வாரம் பேச்சைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அட்டையைப் படிப்பதை விட அது கஷ்டம்.

6. போடும் விதம்

எவ்வளவு என்பதை விட எப்படி என்பதில்தான் நான் அதிகம் இழந்திருக்கிறேன்.

களையெடுத்த பிறகுதான் உரம். முந்தின நாள் தண்ணீரை வடித்து, சேறு ஈரமாக, மேலே ஒரு படலம் தண்ணீர் மட்டும் நிற்கும்படி வையுங்கள். சாயங்காலம், இலையில் ஈரமில்லாத நேரத்தில் தூவுங்கள். வரிசை நடவாக இருந்தால் அடுத்து கோனோவீடரை (கையால் தள்ளும் களைக்கருவி) ஓட்டுங்கள், இல்லையென்றால் ஆட்கள் மிதித்தாவது சேற்றுக்குள் தள்ளட்டும். சேற்றில் ஒரு விரல் ஆழம் போன அம்மோனியத்துக்கு முதல் வாசலும் இல்லை, மூன்றாவதும் ஏறக்குறைய இல்லை. ஒன்றிரண்டு நாள் கழித்து மெல்லத் தண்ணீர் விடலாம். மடைகளைச் சேற்றால் அடைத்து நான்கைந்து நாள் வடியவிடக் கூடாது. வானம் கறுத்திருந்தால், ரேடியோவில் மழை சொன்னால், தள்ளிப்போடுங்கள்.

2015 முதல் நம் நாட்டில் விற்கும் யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியதே. அது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். ஆவியாவதை அவ்வளவாகத் தடுக்காது. எனவே பழைய கைமுறையை நான் விடவில்லை. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, சலித்த வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடுவேன். கைக்குப் பாரம் கூடுவதால் தூவல் சீராக விழும் என்பது புத்தகத்தில் இல்லாத நன்மை.

நானோ யூரியா பற்றிக் கேட்கிறார்கள். எனக்குப் பெருக்கல் மட்டும் தெரியும். 500 மில்லி புட்டியில் 20 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 100 கிராம் தழைச்சத்து. 40 கிலோ எடுக்கும் பயிர் மீதியை எங்கேயிருந்து எடுக்கும் என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

7. கதிர் உருவாகும் நாள், நிறுத்தும் நாள்

தவறவிடக் கூடாத வேளை ஒன்றுண்டு. அறுவடைக்கு 60 முதல் 65 நாள் முன்னால் தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்குகிறது. 110 நாள் ரகத்தில் விதைத்த 45-ஆம் நாளை ஒட்டி. 135 நாள் ரகத்தில் 70-ஐ ஒட்டி. தாய்த்தண்டு ஒன்றைப் பிடுங்கி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். மேல் கணுவுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு முனை தெரியும். கதிரில் நெல்மணி எண்ணிக்கை அப்போது முடிவாகிறது. அந்த வாரம் அட்டை கேட்டால் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள், பொட்டாஷையும் சேர்த்துப் போடுங்கள்.

தொண்டைக்கதிருக்கு, அதாவது கதிர் இலையுறைக்குள் புடைத்து நிற்கும் நிலைக்குப் பிறகு அட்டை தெளிவாகக் கேட்டால் தவிர வேண்டாம். பூத்த பிறகு கண்டிப்பாக வேண்டாம். கரும்பச்சைப் பயிரின் சாறு புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் விருந்து. நெருங்கி அடர்ந்த தூருக்குள் குலைநோய்க்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் வசதி. 266 ரூபாய் மூட்டையின் உண்மையான விலை மருந்துக்கடைச் சீட்டில்தான் வரும்.

8. தண்ணீர்

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது மீத்தேனைக் குறைக்கும், தண்ணீரை மிச்சம் பிடிக்கும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டுவது வழக்கமான முறை. ஆனால் மேலுரம் போட்ட கையோடு வயலைக் காயவிட்டால் மூன்றாவது வாசலை நாமே திறக்கிறோம். உரம் போட்டு ஒரு வாரம், பத்து நாளாவது ஈரம் குறையாமல் இருக்கட்டும், காய்ச்சல் அதன் பிறகு. பூக்கும் சமயத்தில் காய்ச்சலே கூடாது.

9. எருக்குழியும் கிணறும்

மாடு வைத்திருப்பவர்கள் சாணத்தை அள்ளுகிறோம், கோமியத்தை ஓடவிடுகிறோம். தழைச்சத்தில் பெரிய பங்கு கோமியத்தில் இருக்கிறது. தொழுவத்தில் வைக்கோல் கூளம் பரப்பி அதில் ஊறவைத்து, அந்தக் கூளத்தைக் குழியில் சேருங்கள். குழிக்கு நிழலும், மழைக்கு மேல் மூடலும் வேண்டும். திறந்த குவியலாக வெயிலிலும் மழையிலும் ஆறு மாதம் கிடந்த எரு, பாதி வெறும் மண்.

குழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கும் வீட்டில் கிணற்று நீரைச் சோதித்தே ஆக வேண்டும். நைட்ரேட் கூடினால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. நீர் சுண்டச் சுண்ட நைட்ரேட்டின் அடர்த்தி கூடும்.

10. வைக்கோலும் உளுந்தும்

ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், அதைவிட அதிகமாகச் சாம்பல்சத்தும் போகிறது. கட்டாகக் கட்டி விற்றால் அந்தக் காசில் ஒரு பங்கு எருவாகத் திரும்பட்டும். எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகை.

சம்பா, தாளடி வயலில் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மெழுகுப் பதத்தில் ஈரம் இருக்கும்போது ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ உளுந்தோ பயறோ தெளிப்பது நம் பழைய வழக்கம். விதையை ரைசோபியம் என்ற பாக்டீரியாக் கலவையில் நேர்த்தி செய்துவிட்டால் வேர் முடிச்சுகள் தங்கள் தழைச்சத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். பூக்கும்போது ஒன்றும், பதினைந்து நாள் கழித்து ஒன்றுமாக 2 சதவீத டிஏபி கரைசல் தெளித்தால் போதும். அறுவடை எந்திரம் வந்தபின் சக்கரத் தடத்தில் முளைத்தவை நசுங்குகின்றன என்று பலர் விட்டுவிட்டார்கள். எந்திரம் வரும் நாள் உறுதியான பிறகு, அதற்கு மூன்று நான்கு நாள் முன்னால் மட்டும் தெளித்தால் சேதம் குறைகிறது. முளை வெளிவரும் முன்பே சக்கரம் போய்விடும்.

உளுந்துச் செடியைப் பிடுங்கும்போது வேர்முடிச்சு ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் அது வேலை செய்திருக்கிறது. நோட்டில் அடுத்த குறுவையின் வரவுப் பக்கத்தில் முதல் வரியாக அதை எழுதிக்கொள்ளலாம்.